வளைவில் சிக்கும் 25என்சி எஞ்சின்

வணக்கம் தம்பி. நீங்கள் லெகோவில் கட்டிய 25என்சி என்ற தென்னாப்பிரிக்க நீராவி எஞ்சின் நேர்ப்பாதையிலும் வெட்டி வெட்டி ஓடுகிறது, வளைவில் நின்றே விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

வளைவு சுலபம். லெகோ வளைவின் ஆரம் 40 குமிழ்தான் (லெகோ கட்டை மேலுள்ள புடைப்பு), அதாவது 32 செ.மீ. எஞ்சினை ஓட்டும் பெரிய சக்கரங்களின் நான்கு இயக்கு அச்சிலும் விளிம்புள்ள சக்கரம் இருந்தால் சிக்கத்தான் செய்யும். நடு இரண்டு அச்சுக்கும் விளிம்பில்லாத சக்கரம் மாட்டுங்கள்.

வெட்டலுக்கு, மோட்டாரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் இப்படித் தள்ளியபோது, சுற்றுக்கு இருமுறை ஒரே இடத்தில் ‘டக்’கென்று இடித்தது. இரண்டு பக்கக் கிராங்கையும், அதாவது சக்கரங்களை இணைக்கும் தண்டு மாட்டும் முனையை, நேருக்கு நேர் வைத்திருந்தேன். மோட்டார் ஒரே அச்சை ஓட்ட, மற்றவை தண்டால் சுழலும் எஞ்சினில் இது ஆகாது. ஒரு பக்கத் தண்டு முழுக்க நீண்டு வலுவிழக்கும் கணத்தில் மறுபக்கம் சுழற்ற வேண்டும். அதற்கு 90 பாகை வித்தியாசம் தேவை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி – டி ஆர் பாதையில் ஓடிய நிஜ எஞ்சினிலும் அப்படித்தான். லெகோ அச்சு கூட்டல் குறி வடிவம். ஒரு பக்கச் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பிச் செருகினால் போதும். நான்கு அச்சிலும் ஒரே திசையில் திருப்புங்கள், ஒன்று தவறினாலும் இறுகிவிடும்.

பாட்டரியைக் கொதிகலனுக்குள் வையுங்கள். எடை இயக்கு சக்கரங்கள்மேல் விழும், வழுக்காது.