30 செகண்ட் வச்சா அருவி காணாமப் போயிடும்

கேள்வி: அண்ணே, எங்க போட்டோ குரூப்போட பாலிக் புலாவ் பக்கம் தித்தி கெராவாங் அருவிக்குப் போனோம். காலை 11 மணி, நல்ல வெயில். வெளிச்சத்த ஆயிரத்துல ஒரு பங்கா குறைக்கிற என்டி 1000 பில்டர் மாட்டி 30 செகண்ட் வச்சு எடுத்தேன், தண்ணி மொத்தமும் வெள்ளையா வெளுத்து வந்திருக்கு. வேற லென்ஸ் வாங்கணுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: லென்ஸ் எதுக்கு தம்பி, காசை வையுங்க. 30 செகண்ட்ல அவ்வளவு தண்ணியும் ஒண்ணு மேல ஒண்ணா பதிஞ்சு கோடெல்லாம் கரைஞ்சிடும், எந்தப் பாறைல மோதி எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியாது, எனக்கு அருவின்னா அந்தத் திருப்பம்தான். கொட்டுற எடத்துக்கு கால் செகண்ட் போதும், பாறை மேல வழியிற எடத்துக்கு ஒரு செகண்ட் வரைக்கும் வச்சுப் பாருங்க.

என்டிய பேக்லயே வச்சிட்டு, மினுமினுப்ப அடக்குற போலரைசர் பில்டர மாட்டுங்க. ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே மெதுவா திருப்புனா ஈரப் பாறைல வெள்ளையா மினுங்குற எடம் அடங்கி அதுக்கு அடில இருக்குற பழுப்பும் பாசியோட பச்சையும் மேல எழும்பி வரும் பாருங்க, அங்க நிறுத்திடணும். அதோட ஒண்ணுலேர்ந்து ரெண்டு ஸ்டாப் வெளிச்சமும் குறையும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதியாயிடும்), மர நிழல்ல ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தோட அளவு) 11 வச்சாலே அரை செகண்ட் கிட்ட வந்துடும். எஃப் 22க்கு போகாதீங்க, துவாரம் ரொம்ப சின்னதாகி படம் மொத்தமும் மழுங்கிடும். ட்ரைபாட்ல வச்சா கை ஆட்டத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணிட்டு 2 செகண்ட் டைமர்ல எடுங்க.

வெளுத்ததுக்கு வெயிலும் ஒரு காரணம். சுத்தியும் இருட்டா மரம் இருக்கறதால கேமரா வெளிச்சத்தக் கூட்டிடும், தண்ணி எரிஞ்சு போயிடும், அப்புறம் எந்த சாஃப்ட்வேர் போட்டும் மீட்க முடியாது. எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் குறைச்சுக்குங்க, வெயில் உள்ள விழறதுக்கு முன்னாடி போங்க, இல்ல மேகமூட்டமான நாளா பாருங்க. அந்த என்டி வீணில்ல, பத்து பெரிங்கி பாறைல அலை அடிக்கிறப்ப சாயங்காலமா மாட்டிப் பாருங்க, கடலுக்கு அது அழகா வேலை செய்யும்.

கேள்வி: மழைக்கு அப்புறம் தண்ணி நெறைய வரும்னு குரூப்ல உடனே கெளம்பணும்ங்கிறாங்க, போகலாமா அண்ணே?
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ராத்திரி பெஞ்சு விட்டு, காலைல வானம் தெளிஞ்சு, தண்ணியும் தெளிஞ்சிருந்தா போங்கம்மா. மத்தியானம் மலை மேல கறுத்துச்சுன்னா வேணாம். நீங்க நிக்கிற எடத்துல சொட்டு மழை இருக்காது, மேல கொட்டுன தண்ணி கெப்பாலா ஆயரா, அதாவது திடீர் வெள்ளமா, நிமிஷத்துல வந்து அடிச்சிடும். தெளிவா ஓடுன தண்ணி திடீர்னு கலங்குனாலோ, இலை குச்சியெல்லாம் சேர்ந்து வந்தாலோ, சத்தம் மாறுனாலோ ட்ரைபாட அப்படியே விட்டுட்டு கரை ஏறிடுங்க, கேமராவ மறுபடி வாங்கிக்கலாம். படம் எடுக்கறவங்களுக்கு கண்ணு ஸ்கிரீன்லயே இருக்கும், அதனால ஆத்த மட்டும் பாக்க ஒருத்தர நிறுத்துங்க, முறை வச்சு மாத்திக்குங்க.