எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் சம்பளமில்லாத வழிகாட்டியாகப் போகலாமா?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன், வயது 29. வெள்ளியங்கிரி ஏழு மலையும் பலமுறை ஏறியிருக்கிறேன். நேபாளத்தில் பள்ளிக்கூடம் கட்ட நிதி திரட்டும் ஓர் அறக்கட்டளை, நன்கொடையாளர்கள் 14 பேரை எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கூட்டிப்போகத் தன்னார்வ வழிகாட்டியாக என்னை அழைக்கிறது. சம்பளம் கிடையாது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: போங்கள், ஆனால் வழிகாட்டியாக அல்ல. நேபாளத்தில் மலையேற்ற வழிகாட்டி உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். சம்பளம் வாங்கவில்லை என்பதால் இது மாறாது. இன்னொன்று, நீங்கள் சும்மா செய்யும் வேலை அங்கே மலைவாழ் இனத்தவரான ஒரு ஷெர்பாவுக்கோ தமாங்குக்கோ பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் கூலி. அவர் பிள்ளை படிக்கப் பள்ளி கட்டிக்கொடுத்துவிட்டு அவர் பிழைப்பில் கைவைப்பது என்ன தர்மம்?

எனவே உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் குழுத் துணைவராகக் கடைசி ஆளோடு நடந்து வாருங்கள். அதுவே பெரிய வேலை.

அனுபவம் போதுமா என்றால், போதாது. தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நடை தொடங்கும் லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கும்போதே சுமார் 2,850 மீட்டரில் நிற்பீர்கள், முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. கால் வலு இங்கே இரண்டாம்பட்சம், மூச்சும் தலையும்தான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். அறக்கட்டளையின் பயணத்திட்டத்தில், வழியிலுள்ள நாம்சே என்ற ஊரில் இரண்டு இரவு இல்லையென்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஒருமுறை அதே வழியில் இன்னும் மேலே இருக்கும் டிங்போச்சேயில், என்னோடு வந்த ஒருவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். ஆனால் ஷூ லேஸ் கட்டப் பத்து நிமிஷம் ஆனது. தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலும் தொட்டபடி நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் தள்ளாடினார். மூளையில் நீர் கோப்பதற்கான அறிகுறி அது. மாத்திரை கொடுத்துக் காத்திருக்கவில்லை, உடனே கீழே இறக்கினோம். கூட வருபவர்கள் "இன்னும் ஒருநாள் பார்ப்போமே" என்பார்கள், பணம் கட்டியவர்கள் ஆயிற்றே! திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே பாதையில் பெரிசே என்ற ஊரில் இமாலயன் மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம் இருக்கிறது. மலையேறும் பருவத்தில் பிற்பகலில் உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் பற்றிப் பேசுவார்கள், குழுவையே உட்காரவையுங்கள்.

அறக்கட்டளையிடம் காசு விஷயமும் கேளுங்கள். திரட்டியதில் பயணச் செலவு போகப் பள்ளிக்கு எவ்வளவு? சுமைதூக்கிகளுக்குக் காப்பீடு, குளிருடை உண்டா? ஓர் ஆள் 30 கிலோவுக்கு மேல் தூக்காமல் யார் பார்ப்பது? பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள். காத்மாண்டுவில் கீப் என்ற அமைப்பு சுமைதூக்கிகளுக்குக் குளிருடை இரவல் கொடுக்கிறது. பழைய நல்ல ஜாக்கெட் இருந்தால் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அப்புறம், உங்கள் காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் உங்கள் வயதில் விமானத்தில் போக ஆதார் செல்லாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள்.