வாசகர் கேள்வி: 155 சீசீயிலிருந்து நேரே 600 சீசீக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கல்லடியிலிருந்து கல்முனைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். மூன்றரை வருடங்களாக யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு ஓடுகிறேன். பெரிய விபத்து எதுவும் நடந்ததில்லை. மாதத்தில் ஒரு முறை கொழும்புக்கும் அதிலேயே போவேன். புணானை, மன்னம்பிட்டிப் பக்கத்து நேர்ப்பாதையில் பஸ்களை முந்தும்போது வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. ஆறாவது கியரில் எவ்வளவு முறுக்கினாலும் ஏறுவதில்லை. கொழும்பில் ஒருவர் 2008ஆம் ஆண்டு யமஹா ஆர்6 ஒன்றை விற்கப்போகிறார். ‘300 சீசீ எடுத்தால் ஆறு மாதத்தில் சலித்துவிடும், எடுப்பதென்றால் நேரே 600 எடு’ என்கிறார்கள் நண்பர்கள். குறையும் பணத்துக்குத் தன் நகையை அடகு வைத்துத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறா. அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. எடுக்கலாமா?
— வாசகர், கல்லடி

பதில்:

அன்புள்ள தம்பி,

அந்த ஆர்6ஐ எடுக்க வேண்டாம். கடிதத்தை இரண்டு முறை படித்த பின்னரே இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும், அதற்குள் பஸ்ஸை முந்த முடியவில்லை என்ற குறை ஒன்றும், பெரிய வண்டி ஒன்று வேண்டும் என்ற ஆசை ஒன்றும் பின்னிக் கிடக்கின்றன. ஆசைப்படுவதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆசைக்குக் குறையைச் சாட்டாக்கிவிட்டால், குறைக்கு என்ன மருந்து என்று பார்க்க மறந்துபோவோம்.

முதலில் குறையைப் பார்ப்போம். ‘ஆறாவது கியரில் முறுக்கினாலும் ஏறுவதில்லை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடயம் அங்கேதான் இருக்கிறது. மணிக்கு 70 கிலோமீற்றரில் ஆறாவது கியரில் போகும்போது உங்கள் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்றுத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மூன்றாம் பதிப்பில் வால்வுகளின் திறப்பை மாற்றும் விவிஏ அமைப்பு 7,400 சுற்றளவில்தான் உயர்சுற்றுக்கான திறப்புக்கு மாறுகிறது. அந்த 155 சீசீயின் உண்மையான பலம் அதற்கு மேலேதான் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும்போதே, எதிர்ப்பக்கம் வெளித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, நான்காவது கியருக்கு இறக்கிவிட்டால் என்ஜின் 7,000ஐ எட்டிப்பிடித்துவிடும். அங்கிருந்து முறுக்கினால் அது வேறொரு வண்டி போல நடந்துகொள்ளும். மூன்றரை வருடம் ஓடியவருக்குக் கியர் மாற்றச் சொல்லித் தருவதாக நினைத்துக் கோபிக்க வேண்டாம். தினமும் 60இல் ஒரே சீராகப் போய்வரும் பாதையில் கை மெல்ல மெல்ல ஆறாவது கியருக்கே பழகிவிடும் என்பது எனக்கும் நேர்ந்த அனுபவம். அடுத்த கொழும்புப் பயணத்தில் இதைச் செய்து பாருங்கள். அதன் பிறகும் மூச்சு வாங்கினால், பெரிய என்ஜின் பற்றிய உங்கள் கேள்விக்கு நியாயம் இருக்கிறது.

நியாயம் இருந்தாலும் அதன் விடை 600 அல்ல. 65 கிலோ நிறையுள்ள ஒருவர் ஏறியிருக்கும்போது, வண்டியும் ஆளுமாகச் சேர்ந்த ஒவ்வொரு 100 கிலோவுக்கும் ஆர்15இல் ஏறத்தாழ 9 குதிரைவலு கிடைக்கிறது. இரட்டைச் சிலிண்டரும் 321 சீசீயும் கொண்ட யமஹா ஆர்3இல் அது 18 அளவுக்கு வருகிறது. 120 குதிரைவலுவுக்கு மேல் தரும் ஆர்6இலோ 47ஐத் தொடுகிறது. முதலாவது பாய்ச்சல் இரண்டு மடங்கு, மற்றையது ஐந்து மடங்கு. ஐரோப்பிய நாடுகளில் இதற்குச் சட்டத்திலேயே படி வைத்திருக்கிறார்கள். 35 கிலோவாற்றுக்கு உட்பட்ட வண்டியை இரண்டு வருடம் ஓடிய பின்னரே கட்டுப்பாடற்ற அனுமதிப்பத்திரத்துக்குப் போகலாம் என்பது அங்கே பொதுவான நடைமுறை. ஆர்3 அந்த எல்லைக்குள் அடங்கும். நம் நாட்டில் 100 சீசீக்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் ஏ வகை அனுமதிப்பத்திரம் ஒன்றே போதும் என்பதால், அந்தப் படியை நாமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘300 சலித்துவிடும்’ என்று சொல்லும் நண்பர்களிடம், ஆர்6இன் பலம் எந்தச் சுற்றில் வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 599 சீசீயும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த என்ஜின் 10,000 சுற்றுக்கு மேல்தான் விழித்துக்கொள்கிறது. சுற்றின் மேல் எல்லையைக் காட்டும் அதன் சிவப்புக்கோடு 16,000ஐத் தொடுகிறது. முதலாவது கியரிலேயே மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். நமது சட்டம் மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70 என்று வைத்திருக்கிறது. அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை. ஆக, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த ஓட்டப் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனாலொழிய, பணம் கொடுத்து வாங்கிய அந்த மேற்பாதியை நீங்கள் காணப்போவதில்லை. உங்களுக்குக் கிடைப்பது கீழ்ப்பாதி மட்டுமே. பஸ்ஸை முந்தத் தேவைப்படும் நடுச்சுற்றுகளில் அது பலரும் எதிர்பார்ப்பதைவிடச் சாதுவாகவே இருக்கும்; சாதுவாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் முறுக்கும் இடத்தில்தான் ஆபத்துத் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் வெளிவரும் நேரத்தில் காத்தான்குடியின் பேரீச்ச மரங்களுக்கு நடுவே, கச்சான் காற்றுக் காலத்து வெயிலில், 190 கிலோ வண்டியை இரண்டு மணிக்கட்டுகளிலும் தாங்கிக்கொண்டு, ரேடியேற்றர் விசிறி தொடையில் அனலை ஊத, முதலாவது கியரில் கிளச்சைப் பிடித்தபடி நகர்வதை ஒரு வாரம் செய்து பார்த்தவர் சலிப்பைப் பற்றி என்னோடு பேசட்டும்.

இனி, நிற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நண்பர்கள் யாரும் இதைப் பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. மணிக்கு 60இல் போகும் ஒருவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் 17 மீற்றர் போய்விடுவார்; காய்ந்த தாரில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். அதே ஆள் 100இல் வந்தால் முதலில் 28, பிறகு 55, ஆக 83 மீற்றர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, நிற்கும் தூரமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பெரிய வண்டியின் சிக்கல் அது 100இல் ஓடும் என்பதல்ல. 100இல் ஓடும்போது 60 போலத் தோன்றும் என்பதுதான். 2008ஆம் ஆண்டு ஆர்6இல், பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை, பின்சில்லு வழுக்காமல் தடுக்கும் கட்டுப்பாடும் இல்லை. பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும்.

நமது ரோட்டை உங்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. இருட்டியதும் சூடான தாரில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகள், குறுக்கு ஒழுங்கைகளிலிருந்து சக்கரங்களில் ஒட்டி வரும் கடல்மணல், உழவு இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் கிறவல் எல்லாவற்றையும் தினமும் காண்கிறீர்கள். ஒரு தை மாதத்தில், வெள்ளாமை வெட்டுக் காலத்தில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த இடத்தில், எதிரே வந்த லொறிக்கு ஒதுங்குவதற்காக நெல்லின் மேல் ஏறிப் பிரேக்கைத் தொட்டேன். மணிக்கு 40கூட இராது. விழுந்து எழும்பும்வரை என்ன நடந்தது என்று விளங்கவில்லை. நான் ஓடியது 125 சீசீ என்பதால் முழங்காலோடு போனது.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்6இன் பின் ரயர் 180 அளவு. அது தேய்ந்தால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டிவரும். ஆர்3இன் பின் ரயரோ, நீங்கள் இப்போது போட்டிருக்கும் 140/70-17 அளவேதான். ஆர்6இன் அமுக்க விகிதம் 13க்கு ஒன்றைத் தாண்டுவதால் 95 ஒக்ரேன் பெற்றோலே ஊற்ற வேண்டும். அது எல்லாப் பெற்றோல் செட்டிலும் எப்போதும் இருப்பதில்லை. லீற்றருக்கு 16 கிலோமீற்றர் கிடைத்தால் பெரிய விடயம். 2022இல் கியூஆர் முறையில் முதலில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் தந்தார்களே, அந்தப் பங்கீட்டில் ஆர்6 வைத்திருந்தவர் கல்லடியிலிருந்து ஒரு நாள் கல்முனைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கவும் மாட்டார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கும் உங்களுக்கு, உப்புக் காற்று செயினையும், முன்சில்லைத் தாங்கும் போர்க் குழாய்களையும் என்ன செய்யும் என்பது தெரியும். அந்த ஆர்6ஓ 2008ஆம் ஆண்டு வண்டி. இதற்காக அக்காவின் நகையை அடகு வைக்க வேண்டாம். அக்கா மனமுவந்து தரலாம். ஆனால் வட்டி ஓடும் மாதங்களில் ஒரு போர்க் ஒயில்சீல் கசிந்தாலே உங்கள் கை கட்டப்பட்டுவிடும்.

அம்மாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவ ஏன் சம்மதிக்கவில்லை என்று கேட்டீர்களா? பயம் மட்டும்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். ஆர்6இன் பின் ஆசனம் உள்ளங்கை அகலத்தில், உயரத்தில் இருக்கிறது. சேலையுடன் ஒருபக்கமாக அதில் இருக்கவே முடியாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு இதுவரை யாருடைய மோட்டார் சைக்கிளில் போய்வந்தா என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அவவோடு பேசுங்கள். ஆர்15இலும் ஆர்3இலும்கூட அது சுகமான இருக்கையில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே, இந்த மாரி முழுவதும் இருக்கும் வண்டியையே ஓடுங்கள். ஆர்6க்கென்று சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குக்கு நல்ல இரண்டு ரயர்களும், முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசமும், கையுறையும் வாங்குங்கள். ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத நேர்ப்பாதை ஒன்றில், 60இலிருந்து சில்லு பூட்டாமல் எத்தனை மீற்றரில் நிற்கிறீர்கள் என்று அடையாளம் வைத்துப் பழகுங்கள். பிறகு மழை நனைத்த ரோட்டில், குறைந்த வேகத்தில் தொடங்கி அதையே செய்யுங்கள். இரண்டிலும் உங்கள் விரல்கள் பதறாமல் வேலை செய்து, கொழும்புப் பாதையில் கியர் இறக்கி ஓடியும் வண்டி போதாது என்று தோன்றினால், சித்திரைக்குப் பிறகு ஆர்3 ஒன்றையோ, கவாசாகி நிஞ்சா 300 போன்ற இன்னோர் இரட்டைச் சிலிண்டர் வண்டியையோ தேடத் தொடங்கலாம். உயரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆர்3இன் ஆசனம் 780 மில்லிமீற்றர், உங்கள் ஆர்15ஐவிடத் தாழ்வு. 850இல் இருக்கும் ஆர்6 அப்படியல்ல.

பார்க்கப் போகும்போது பழகிய மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் வருவதாகச் சொல்லிவைத்து, தொட்டுப் பார்த்த பின்னர் ஸ்ராட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது என்பதால், இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் பல கை மாறியிருக்கும். சேசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்துங்கள். பாகங்களாக வந்து, வேறொரு வண்டியின் புத்தகத்தில் ஓடும் பெரிய மோட்டார் சைக்கிள்கள் நம் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. ஆரம்ப கால ஆர்3களைக் கிளச், ஒயில் பம்ப் குறைபாடுகளுக்காக யமஹா பல நாடுகளில் திருத்துவதற்கு மீள அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டி 2015, 2016ஆம் ஆண்டுகளுக்குரியதாக இருந்தால், அந்த வேலை செய்யப்பட்டதா என்று கேட்டு, பற்றுச்சீட்டையும் வாங்கிப் பாருங்கள். ஏபிஎஸ் இல்லாததும் இந்த வகையில் விற்பனைக்கு வரும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.