மத்தியானக் கச்சேரியின் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் மகள் சிறுவயதிலிருந்தே பாட்டு கற்றுக்கொள்கிறாள். இப்போது ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குக் கொடுக்கும் தரங்களில் பி-ஹை கிரேடு வாங்கியிருக்கிறாள். சென்ற மார்கழியில் சென்னையில் கச்சேரி நடத்தும் ஒரு சபாவில் மத்தியான ஸ்லாட் கிடைத்தது. அனுமதி இலவசம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முடிந்ததும் சால்வை போட்டு ஒரு கவர் கொடுத்தார்கள். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நாங்கள் கொடுத்த தொகை அதைப்போலப் பல மடங்கு. இன்னோர் இடத்தில், "ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்தால் மாலை ஸ்லாட் தரலாம்" என்றார்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பாடப்போவதாக இப்போது சொல்கிறாள். இந்தத் துறையில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. பாடிப் பிழைக்க முடியுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு தந்தை, தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

கச்சேரியில் வரும் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் கர்நாடக இசையில் மிகச் சிலர். டிசம்பரில் மாலை ஆறரை மணிக்கு அரங்கை நிறைக்கும் அந்தச் சில பெயர்கள் உங்களுக்கும் தெரியும். மற்ற எல்லோருக்கும் கச்சேரி ஒரு செலவு. வருமானம் வேறு இடத்திலிருந்து வருகிறது. உங்கள் மகளின் கச்சேரிக்கு அனுமதி இலவசம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பேருக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்தான். பக்கவாத்தியச் சன்மானம், ரயில் டிக்கெட், தங்குமிடம், புடவை, பல வருடத்துக் குரு தட்சிணை எல்லாம் அதில் அடக்கம். சென்னை மார்கழி இசை சீசனின் பெருமையாக நாம் சொல்லிக்கொள்ளும் நூற்றுக்கணக்கான இலவசக் கச்சேரிகள் இப்படித்தான் நடக்கின்றன. அவற்றின் புரவலர்கள் மேடையில் இருப்பவர்களின் அப்பா அம்மாக்கள்.

சபாக்களை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. அவை எப்படி வந்தன என்று பாருங்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1896இல் தொடங்கியது. 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாடமி பிறந்தது, 1928இல். அரண்மனையும் மிராசுதாரும் கைவிட்ட இசையை நகரத்து நடுத்தர வர்க்கம் சந்தா கட்டித் தாங்கிய ஏற்பாடு அது. ஆனால் சந்தா கட்டியவர்கள் எல்லோரும் பாட்டுக்காகக் கட்டவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சபாக்களின் உறுப்பினர் பட்டியலை நீளச் செய்தது நாடகம். 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. பிறகு நாடகத்துக்கு வரும் கூட்டம் மெல்லக் கரைந்தது, சந்தாவும் கரைந்தது. விட்டுப்போன இடத்தை ஸ்பான்சர் நிரப்பினார். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் மரபுக் கலைகளுக்கும் இடம் உண்டு. எனவே பணம் வரத்தான் செய்கிறது. ஆனால் வங்கியோ நகைக்கடையோ தன் பேனரைத் தொங்கவிட விரும்புவது நிறைந்த அரங்கில். மத்தியானம் இரண்டு மணி மேடைக்குப் பின்னால் அந்தப் பேனர் இருக்கலாம், அதன் பணம் அந்த மேடைக்கு இறங்கி வருவதில்லை.

செயலாளர்களில் பலர் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள், அதை மறுக்கவில்லை. மின்கட்டணமும் மைக்காரர் கூலியும் அவர்கள் தலையில்தான். ஆனால் ஸ்லாட்டுக்கு ஸ்பான்சர் கேட்பது வேறு விஷயம். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பாட்டைக் கேட்டு இடம் கொடுப்பது சபாவின் வேலை. அந்த வேலையைச் செய்யாத சபா வாடகைக்கு விடும் ஹால்தான். வெளிநாட்டிலிருந்து டாலரில் கொடுக்க முடிகிறவர்களோடு தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று போட்டி போடவும் முடியாது.

சரி, பிழைக்கிறவர்கள் எதில் பிழைக்கிறார்கள்? முதலில் பாடம். விடியற்காலையிலும் இரவிலும் ஜூமில் உட்கார்ந்து நியூ ஜெர்சிக் குழந்தைக்கும் சான் ஹோசே குழந்தைக்கும் வர்ணம் சொல்லிக்கொடுப்பதுதான் இன்று பெரும்பாலான இளம் வித்வான்களின் வீட்டு வாடகை. இரண்டாவது பரதநாட்டியம். அரங்கேற்றத்துக்குப் பாடினால் ஒத்திகைக்கும் சேர்த்துப் பணம் வரும். கோடை விடுமுறையில் அமெரிக்க அரங்கேற்றங்களுக்கென்றே பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் விமானம் ஏறுகிறார்கள். கச்சேரிப் பாடகர்கள் சிலர் இதைக் குறைவாக நினைப்பதுண்டு. காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் வேகம் பிசகாமல் பாடுவதை, நாட்டியத்துக்குப் பாடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று புரியும். மூன்றாவது வெளிநாட்டுக் கச்சேரி. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978இல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை போன்ற விழாக்களின் அழைப்பு ஒன்று வந்தால் அதை ஒட்டி மற்ற ஊர்களும் சேர்ந்துகொள்ளும், ஒரு சுற்றுப்பயணம் அமையும். வானொலிச் சன்மானம் மரியாதைக்கு உதவும், மளிகைக்கு உதவாது.

பதிவுகளில் வருமானம் இருந்தது ஒரு காலம். கேசட் விற்றது, பிறகு குறுந்தகடு விற்றது. இன்று ஸ்ட்ரீமிங்கில் பைசாக் கணக்குதான். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடுகிறவருக்கும் ராயல்டி உரிமை கொடுத்தது. சினிமாப் பாடகர்கள் அதற்காகச் சங்கம் அமைத்துப் போராடினார்கள். நம் வித்வான்கள் பலர் ஒப்பந்தம் என்ற ஒன்றைப் படித்துக் கையெழுத்திடும் பழக்கத்துக்கே இன்னும் வரவில்லை. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனை பொதுச் சொத்து. அதைப் பாடி யூடியூபில் ஏற்றினால் ஏதோ ஒரு பழைய பதிவின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கிறது. வந்தால் பேசாமல் விட்டுவிடாதீர்கள், மறுப்பு எழுதுங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது நாகஸ்வரம். சீசனின் தொடக்க நாளில் மங்கள இசை என்று ஒரு நேரம் ஒதுக்குகிறோம். அப்போது அரங்கில் யார் இருக்கிறார்கள்? ராக ஆலாபனையின் விரிவைப் பாட்டுக்காரர்கள் கற்றுக்கொண்டதே அந்த வாத்தியத்திடம். நாகஸ்வர, தவில் குடும்பங்கள் வாழ்வது கல்யாண முகூர்த்தங்களை நம்பி. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. சென்னை முழுக்க இசை வழிகிற அந்த மாதம்தான் அவர்களுக்குக் கல்யாண வருமானம் நின்றுபோகிற மாதம். சபாக்கள் மனம் வைத்தால் இந்த ஒரு அநீதியை அடுத்த சீசனிலேயே சரிசெய்யலாம். மாலை ஸ்லாட் ஒன்றை, முழுச் சன்மானத்தோடு, நாகஸ்வரத்துக்குக் கொடுத்தால் போதும்.

சரக்கு சேவை வரிச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. மரபிசைக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1,50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் வரி கிடையாது. 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும் வரி இல்லை. முதல் வரம்பு நம் வித்வான்களில் மிகப் பலருக்கு எட்டாத உயரம். இரண்டாவது வரம்பைப் பாருங்கள். 500 ரூபாய் வரை டிக்கெட் வைக்க அரசாங்கமே வழிவிட்டிருக்கிறது, நாம்தான் மத்தியானக் கச்சேரிக்கு ஐம்பது ரூபாய்கூட வைக்கத் தயங்குகிறோம். கூட்டம் வராது என்கிறார்கள். இதே ரசிகர்கள் பக்கத்துக் கேன்டீனில் வரிசையில் நின்று, கேட்ட விலை கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். நல்ல சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. தோடி ராகத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை.

இப்படியே போனால், பெற்றோர் பத்துப் பதினைந்து வருடம் பணம் போடக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் மேடையில் மிஞ்சுவார்கள். 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா டிசம்பர் சீசனில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்த பிறகு, இந்த இசை யாருடையது என்று நிறையப் பேசினோம். அது தேவையான பேச்சு. கூடவே பேசியிருக்க வேண்டியது இந்தப் பணக் கணக்கு. நல்ல குரலோடு ஒரு கூலித் தொழிலாளியின் மகள் வந்தால், அவளுடைய முதல் பத்துக் கச்சேரிக்குப் பக்கவாத்தியச் சன்மானம் யார் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாதவரை, கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

மகள் விஷயம். வேலையை இப்போது விடவேண்டாம் என்றுதான் சொல்வேன். பாட்டின் மீது நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. மாதச் சம்பளம் இருக்கும்வரை அவளால் தவறான ஸ்லாட்டை மறுக்க முடியும். வாரத்தில் சில மாணவர்களை எடுத்துக்கொள்ளட்டும். பாடம் சொல்லிக்கொடுத்து வரும் வருமானம் சம்பளத்தின் பாதியைத் தொட்டபிறகு யோசிக்கலாம். நல்ல நாட்டியக் குருவிடம் பாட வாய்ப்பு வந்தால் தட்டக் கூடாது. ஏ கிரேடு ஆடிஷனுக்குத் தயாராகட்டும், வெளியூர் அழைப்புகளுக்கு அது இன்றும் உதவுகிறது.

பக்கவாத்தியக்காரர்களுக்கு முழுத் தொகையைக் கொடுத்தீர்கள், அது சரியான காரியம். அவர்களும் இதே கஷ்டத்தில் இருப்பவர்கள்தான், மேடையில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. இனிமேல் தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள், "பார்த்துச் செய்யுங்கள்" என்று விடாதீர்கள். சுருதிக்கு வைக்கும் தம்பூராச் செயலியை அணைத்துவிட்டு ஒரு தம்பூராக் கலைஞரையும் அழைத்து உட்கார வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்த சீசனுக்கு விண்ணப்பிக்கும்போது நூறு ரூபாய் டிக்கெட் வைக்க முடியுமா என்று அந்தச் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். வசூல் முழுவதும் மேடையில் இருப்பவர்களுக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால், வாசலில் ஒரு க்யூஆர் அட்டை வைக்க அனுமதியாவது கேளுங்கள்.