அமெரிக்கக் கல்லூரியில் எடுக்கும் எல்லாப் பாடத்துக்கும் பெல் கிராண்ட் கிடைக்குமா?

மகன் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரி) சேரப் போகிறான், எந்தெந்தப் படிப்புக்கு அரசு உதவி வரும், ஊரில் பி.எஸ்சி. முடித்த நானும் கூடவே ஏதாவது படித்தால் எனக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மகன் விஷயத்தைச் சொல்கிறேன். அதில்தான் நாங்கள் அடிபட்டோம்.

பெல் கிராண்ட் என்பது வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும், பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை. பெல் கிராண்டோ அரசுக் கடனோ, எது வேண்டுமானாலும் கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. பையன் ஒரு பட்டத்துக்கோ சான்றிதழுக்கோ முறையாகச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த புரோகிராம் உதவிக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். அப்புறம், அவன் எடுக்கும் பாடம் அந்த புரோகிராமை முடிக்கத் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என் மகள் அக்கவுண்டிங் படிக்கிறாள். இரண்டாவது செமஸ்டரில் நான்கு பாடம், மொத்தம் 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்). 12 என்றால் முழுநேரம். நான்கில் ஒன்று மண்பாண்ட வகுப்பு. வகுப்புகள் தொடங்கி மூன்றாவது வாரம், ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தது. கல்லூரியின் இணையதளத்தில் அவள் கணக்கைத் திறந்து பார்த்தால் பதிவு செய்தது 12, உதவிக்கு எடுத்துக்கொண்டது 9. பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட் பக்கத்தைத் திறந்தோம். மற்ற மூன்று பாடங்களும் அதனதன் கட்டத்தில் இருந்தன. மண்பாண்டம் மட்டும் பக்கத்தின் அடியில், எந்தக் கட்டத்திலும் சேராமல் தனியாகக் கிடந்தது.

கணக்கு இப்படி. 2024-25 கல்வியாண்டிலிருந்து பெல் கிராண்டை கிரெடிட் விகிதப்படி தருகிறார்கள். 12-க்கு 9 என்றால் 75 சதவீதம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் முழுத் தொகை 7,395 டாலர். மகளுக்கு முழுத் தொகை வந்துகொண்டிருந்தது, அதாவது ஒரு செமஸ்டருக்குச் சுமார் 3,697. அது 2,773 ஆனது. 924 டாலர் துண்டு விழுந்தது. பாடத்தை மாற்றும் கெடு முடிந்துவிட்டதால் தவணை போட்டுக் கட்டினோம். வகுப்பை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவளும் விடவில்லை. அவள் செய்த முதல் கிண்ணம் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது 12 கிரெடிட் என்று காட்டிய அதே திரை, இதில் 3 உதவியில் சேராது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பணத்தை எண்ணி எண்ணிப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரி பெரிய விஷயம்.

அதற்காகப் பிடித்த பாடமே எடுக்கக் கூடாது என்றில்லை. பல பட்டங்களில் ஃப்ரீ எலெக்டிவ் என்று சில கிரெடிட் காலியாக விட்டிருப்பார்கள். அங்கே இடம் இருக்கும்வரை மண்பாண்டமும் கணக்கில் வரும். மேஜரை (முதன்மைப் பாடத்தை) முடிவு செய்யாத பிள்ளைகள் பொதுவான இரண்டு வருடப் பட்டத்தில் சேர்ந்தால் இந்தச் சிக்கல் குறைவு. தொழில் சார்ந்த பட்டங்களில்தான் இடம் இறுக்கம்.

மகன் நர்சிங் போன்ற படிப்பை நினைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அனாட்டமி, கெமிஸ்ட்ரி எல்லாம் முடித்த பிறகுதான் நர்சிங்கில் இடம் கேட்கவே முடியும் என்று பல கல்லூரிகளில் வைத்திருக்கிறார்கள். அதுவரை அவன் நர்சிங் மாணவன் கிடையாது. எந்தப் பட்டத்திலும் சேராமல் அந்த முன்பாடங்களை மட்டும் படித்தால் பெல் கிராண்ட் வராது. கடன் மட்டும் தொடர்ச்சியாக 12 மாதங்களுக்குக் கிடைக்கலாம். அதனால் அந்தப் பாடங்கள் பொருந்துகிற வேறொரு பட்டத்தில் அவனைச் சேர்க்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. கிரெடிட் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்க மட்டும் செய்யும் (இதையும் ஆடிட் என்பார்கள்) பாடத்துக்கு உதவி இல்லை. பாஸான பாடத்தை மறுபடி எடுத்தால் ஒரு முறைதான் கணக்கில் வரும், 'டி' வாங்கியிருந்தாலும் அது பாஸ்தான். அடிப்படைக் கணிதம், ஆங்கிலம் போன்ற ஆயத்தப் பாடங்கள் 30 கிரெடிட் வரை சேரும். பள்ளியில் படித்துக்கொண்டே எடுக்கும் கல்லூரிப் பாடத்துக்கு இந்த உதவி கிடையாது. சான்றிதழ் படிப்பு என்றால் பொதுவாகக் குறைந்தது 15 வாரமும் 600 மணி நேரமும் இருக்க வேண்டும். 8 முதல் 15 வாரத்துக்குள் முடியும் தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் கிராண்ட் தர 2025-இல் சட்டம் போட்டார்கள். அது 2026 ஜூலை 1 முதல். அதிலும் மாநில ஆளுநரின் ஒப்புதல் பெற்ற பயிற்சிகளுக்கு மட்டும்தான்.

சரி, உங்கள் விஷயம். பெல் கிராண்ட் பொதுவாக இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்கானது. ஊரில் வாங்கிய பட்டமும் பட்டம்தான். அமெரிக்கப் பட்டத்தைத்தானே கேட்கிறார்கள் என்று நினைத்து ஃபாஃப்சாவில் (அரசு உதவிக்கான விண்ணப்பம்) 'இல்லை' என்று குறித்துவிடாதீர்கள். நமது மூன்று வருட பி.எஸ்சி. இங்குள்ள இளங்கலைக்குச் சமமா என்பதில் கல்லூரி ஒரு முடிவு எடுக்கும். மார்க்‌ஷீட்டுகளைக் கொடுத்து அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சமம் என்று சொல்லிவிட்டாலும் அரசுக் கடனுக்கு வழி இருக்கிறது, தகுதியான புரோகிராமில் செமஸ்டருக்கு 6 கிரெடிட்டாவது எடுத்தால். அந்த 6-இல் ஒரு பாடம் புரோகிராமுக்கு வெளியே போனால் கடன் முழுவதும் நின்றுவிடும். கிரீன் கார்டு இருப்பதாக நினைத்து இதைச் சொல்கிறேன். எச்-4 (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு எந்தப் படிப்பானாலும் மத்திய அரசின் இந்த உதவிகள் இல்லை.

பாடங்களைப் பதிவு செய்த அன்றே ஃபைனான்சியல் எய்டு ஆபீஸுக்கு மகனை ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். பாடங்களைத் தேர்ந்தெடுக்க உதவும் அட்வைசர் சரி சொன்னது மட்டும் போதாது, அவர் பார்ப்பது வேறு. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "நான் பதிவு செய்திருப்பதில் எத்தனை கிரெடிட் என் புரோகிராமில் சேரும், பாடத்தை மாற்றக் கடைசி நாள் எது?"