பழைய ராக் ஆல்பங்கள் இப்போது கேட்டால் ஏன் சப்பென்று இருக்கின்றன? திரும்ப எப்படிக் கேட்பது?

கல்லூரியில் உயிராக இருந்த டீப் பர்ப்பிளும் லெட் செப்பலினும் மெட்டாலிகாவும் இப்போது செயலியில் போட்டால் ஒட்ட மாட்டேன் என்கின்றன, வயசாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வயது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பழியை வயதின் தலையில் போடுவதற்கு முன், இப்போது உங்கள் காதில் விழுவது அன்று கேட்ட அதே ஒலிப்பதிவுதானா என்று பாருங்கள். அதே அட்டை, அதே பெயர், அதே பாட்டு வரிசை இருக்கும். உள்ளே இருக்கும் ஒலி வேறாக இருக்கும். செயலியில் 1972 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பல இடங்களில் அது ஆல்பம் முதலில் வந்த ஆண்டு மட்டும்தான். ஓடும் கோப்பு எந்த ஆண்டில் தயாரானது என்பது அதில் தெரியாது.

நீங்கள் அன்று கேட்டது பெரும்பாலும் கேசட்டாக இருக்கும், அதுவும் ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு ஏற்றியது. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்த டெக்கில் அந்த வேகம் இருக்காது. 6 சதவீதம் மாறினாலே சுருதி அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். மேல் ஸ்தாயி மழுங்கியிருக்கும், பின்னணியில் ‘உஸ்’ என்று டேப் இரைச்சல் இருக்கும். அந்த ஒலியோடுதான் மனம் ஒட்டியிருக்கிறது. அதனால் சுத்தமான சிடி கிடைத்தாலும் முதல் பத்து நிமிடம் அந்நியமாகத்தான் இருக்கும். அதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பதிப்புகளில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். ரிமாஸ்டர் என்றால் பழைய ஸ்டீரியோ டேப்பை எடுத்து ஒலிச் சமன், உரப்பு இரண்டையும் மட்டும் மாற்றுவது. ரீமிக்ஸ் என்றால் டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனியாக இருக்கும் மூல டேப்புக்கே போய்ப் புதிதாகக் கலப்பது. மூன்றாவதுதான் அபாயம்: வாத்தியத்தையே மறுபடி வாசித்து ஒட்டுவது.

மூன்றாவதுக்கு உதாரணம் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள், ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’ (1980), ‘டயரி ஆஃப் எ மேட்மேன்’ (1981). ராயல்டி தகராறின் பின்னணியில், 2002-இல் வந்த மறுவெளியீட்டில் பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ரூஹியோவையும் மைக் போர்டினையும் வாசிக்க வைத்து ஒட்டினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2011 பதிப்பில்தான் பழையபடி வந்தது. பழைய சிடிக் கடையில் இந்த இரண்டையும் பார்த்தால் பின்னட்டையில் ஆண்டைப் பாருங்கள், 2002 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். ஸீஸீ டாப்பின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1987-இல் வந்த ‘சிக்ஸ் பேக்’ தொகுப்புக்காக எழுபதுகளின் ஆல்பங்களில் டிரம்ஸைத் தூக்கிவிட்டு, எண்பதுகளின் எதிரொலி டிரம்ஸ் ஒலியைப் பூசினார்கள். ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ (1973) சிடியில் அசல் கலவையோடு திரும்பி வர 2006 ஆனது.

இனி உங்கள் ‘சப்’புக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சிடிகளை முடிந்தவரை உரக்க வைக்கும் போட்டி நடந்தது. டிரம் அடி விழும் அந்த நொடியில் ஒலி மேலே எழும்பும். அந்த எழும்பலை லிமிட்டர் (ஒலி ஒரு எல்லைக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவி) போட்டு வெட்டிவிட்டால் மொத்தத்தையும் மேலே தூக்கலாம். ஒரே ஆல்பத்தின் எண்பதுகளின் சிடிக்கும் 2000-களின் ரிமாஸ்டருக்கும் சராசரி உரப்பில் 6 டெசிபல் வித்தியாசம் என்பது சர்வசாதாரணம். கடையில் போட்டுக் காட்டும்போது உரக்க இருப்பது நன்றாக இருப்பதுபோலவே தோன்றும், அதற்குத்தான் இத்தனையும்.

ஆனால் ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் -14 எல்யுஎஃப்எஸ் (சராசரி உரப்பை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரப்பு கூடும்) அளவுக்குக் கொண்டுவந்து சமப்படுத்துகிறது. ஆப்பிள் மியூசிக்கில் ‘சவுண்ட் செக்’ போட்டிருந்தால் -16. எனவே -8-இல் நசுக்கி வைத்த ரிமாஸ்டரை செயலி 6 டெசிபல் இறக்கிவிடும். உரப்பு போயிற்று, வெட்டிய டிரம் அடியோ திரும்பாது. மிஞ்சுவது தட்டையான ஒலி. உங்களுக்கு ஆனது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ தொடக்கத்தைப் போடுங்கள். முதலில் ரிட்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக. அடுத்து ஹை-ஹாட், அதாவது டிரம்ஸில் காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு. பிறகு ஜான் லார்ட் மார்ஷல் ஆம்ப் வழியாக உறும விட்ட ஹேமண்ட் ஆர்கன். பிறகு மீதி டிரம்ஸ், கடைசியில் பேஸ். ஒவ்வொருவரும் நுழையும்போது அறை ஒரு படி பெரிதாக வேண்டும். நசுக்கிய பதிப்பில் தனிக் கிட்டாரும் முழு இசைக்குழுவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். பேஸ் நுழையும்போது கிட்டார் பின்வாங்குவதுபோல் கேட்டால் அது லிமிட்டரின் கைவரிசை, பிளாக்மோரின் மேல் தப்பில்லை.

அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மெஷின் ஹெட்’டை சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ கேசினோவில் பதிவு செய்வதாகத் திட்டம். 1971 டிசம்பர் 4 அன்று, அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஃபிளேர் துப்பாக்கியை (தீப்பிழம்பு விடும் சமிக்ஞைத் துப்பாக்கி) சுட, கேசினோ எரிந்துபோனது. அடுத்து பெவிலியன் என்ற அரங்குக்குப் போனார்கள். இரவில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்தது. நிறுத்துவதற்குள் பதிவானது மேலே சொன்ன பாட்டின் வாத்தியப் பகுதி. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலில் வராந்தாவில் மெத்தைகளை நிறுத்தி மறைத்து, வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டூடியோ வண்டிக்குக் கேபிள் இழுத்துப் பதிவு செய்தார்கள். பொறியாளர் மார்ட்டின் பர்ச். வண்டிக்குப் போய்க் கேட்டுவர அறைகளையும் பால்கனியையும் சுற்ற வேண்டியிருந்ததால், வாசித்ததைத் திரும்பக் கேட்பதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் இருக்கும் ‘கச்சேரி வாசிப்பு’ உணர்வுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதை நசுக்கினால் வராந்தாவும் போய்விடும், கட்டடமும் போய்விடும்.

இதில் எதை வாங்குவது? 1997-இல் வந்த 25-ஆம் ஆண்டு இரட்டை சிடியில் ஒரு வட்டு பேஸ் வாசித்த ரோஜர் குளோவரே செய்த ரீமிக்ஸ், மற்றது பழைய கலவையின் ரிமாஸ்டர். ஆல்பத்தில் விடுபட்ட ‘வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்’ பாட்டும் அதில் உண்டு. 2024-இல் டுவீஸில் ஸாப்பா புதிதாகக் கலந்த பதிப்பு வந்தது. தகப்பன் கச்சேரியில் எரிந்த கட்டடத்தைப் பற்றிய பாட்டை மகன் கலக்கிறார், தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள். என் கருத்தில் குளோவரின் ரீமிக்ஸ் இரண்டாவது முறை கேட்பதற்கு. முதலில் பழைய கலவை. ரீமிக்ஸே கூடாது என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ரஷ்ஷின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ (2002) அவ்வளவு மோசமாக வெடித்து ஒலித்ததால் 2013-இல் டேவிட் பாட்ரில் அதை முழுவதும் மறுபடி கலந்தார். அங்கே ரீமிக்ஸ்தான் கேட்கத் தகுந்தது.

சில ஆல்பங்களுக்கு மருந்தே கிடையாது. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ (2008) கலவை மாஸ்டரிங் மேசைக்கு (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டம்) வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே எழுதினார். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் டிரம்ஸ் தெளிவாக மூச்சுவிட்டு ஒலித்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) வேறு வகை. ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கலவையிலேயே அமுக்கப்பட்டது. 2018 ரிமாஸ்டரிலும் அதை ஏற்றவில்லை. ஈக்வலைசரில் கீழ்ஸ்தாயியைக் கூட்டினால் பேஸ் வராது, பேஸ் டிரம்தான் வீங்கும்.

செயலியில் செய்ய வேண்டியவை: கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு மங்க அடுத்தது மேலே ஏறுவது) பூஜ்யம், இடைவெளியில்லா ஒலிப்பு ஆன். இல்லாவிட்டால் பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) போன்றவை பாட்டுக்குப் பாட்டு தடுக்கி விழும். ஈக்வலைசர் ஆஃப். ஃபோனில் நீங்கள் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும் டால்பி அட்மாஸ் (சுற்றிலும் ஒலி வருவதுபோல் காட்டும் வசதி) பொத்தானையும் ஆஃப் செய்யுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருந்தால் பொருத்தமான ஹெட்ஃபோன் மாட்டியவுடன் வேறொரு கலவையே ஓடும், அதுவும் ஆஃப். ஸ்பாட்டிஃபையில் உரப்பை ‘லவுட்’ என்று வைத்தால் லிமிட்டர் உள்ளே வரும், ‘நார்மல்’ போதும்.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது உரப்பைச் சமப்படுத்தாமல் கேட்டால் முடிவு செல்லாது. 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். சொந்தக் கோப்புகள் என்றால் ஃபூபார்2000 என்ற கணினி பிளேயரில் ரீப்ளேகெயின் (உரப்பைச் சமப்படுத்தும் வசதி) போட்டு இரண்டையும் சமமாக்கிக் கேளுங்கள். ஒலி அளவையும் கொஞ்சம் கூட்டுங்கள். மெதுவாக வைத்தால் காது முதலில் கைவிடுவது கீழ்ஸ்தாயியைத்தான். விடுதி அறையில் சுவர் அதிரக் கேட்டதை இப்போது குழந்தை தூங்கும் வீட்டில் மெல்ல வைத்தால் லெட் செப்பலினின் ஜான் பானமின் டிரம்ஸ் மேசையைத் தட்டுவதுபோலத்தான் இருக்கும். ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்கு அவர் டிரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் கூடத்தில் வைத்து, மாடிப்படியிலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்கில் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கூடம் கேட்க உரப்பு வேண்டும்.

“இதெல்லாம் எதற்கு, எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்கினால் முடிந்தது” என்று ஒருவர் வருவார். எல்பி நல்லதுதான். ஆனால் இன்று அச்சாகும் பலவும் டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன. எல்பியைப் பதிவு செய்து டிஆர் மீட்டரில் (ஒலியின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் மென்பொருள்) போட்டால் எண் கூடுதலாக வரும் என்று ஆதாரம் காட்டாதீர்கள். அதே கோப்பை எல்பியில் வெட்டினாலும் ஊசியும் வடிகட்டிகளும் உச்சங்களை மாற்றி அந்த எண்ணை ஏற்றிவிடும். எல்பிதான் என்றால் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். ‘லெட் செப்பலின் 2’-இன் முதல் அமெரிக்க அச்சில் ராபர்ட் லட்விக்கின் ‘ஆர்எல்’ இருக்கும். சேகரிப்பவர்கள் அந்த இரண்டு எழுத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. சிடி தாளில் யார் பேஸ் வாசித்தார், யார் பொறியாளர், எந்த ஸ்டூடியோ என்று இருக்கும். செயலியில் பாட்டெழுதியவர் பெயரே பாதி நேரம் சரியாக வருவதில்லை. ‘டார்க் சைட்’டில் வார்த்தையே இல்லாமல் பாடிய கிளேர் டோரி தன் பெயர் இசையமைப்பில் ஏற 2004-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அப்படி வாங்கிய பெயரையும் மூன்று தட்டல்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் என்ன நியாயம்? மாதாமாதம் காசு வாங்குகிறார்கள்தானே.

பழைய சிடி வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. எண்பதுகளின் ஆரம்பத்து சிடிகள் சிலவற்றில், குறிப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டு. மேல் ஸ்தாயியை உச்சத்தில் சுமார் 10 டெசிபல் வரை தூக்கி வைத்திருப்பார்கள், சிடி பிளேயர் தானாக இறக்கும். கணினியில் காப்பி எடுத்தால் பெரும்பாலும் இறங்காது, சிம்பல் ஒலி காதைக் கிழிக்கும். அப்போது சிடியைக் குறை சொல்லாமல் சாக்ஸ் மென்பொருளின் டீ-எம்ஃபசிஸ் வடிகட்டியை ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டாவது, 1988 முதல் 1993 வரை பிரிட்டனில் பிடிஓ ஆலையில் அச்சான சிடிகள் சில ஓரத்திலிருந்து உள்நோக்கி வெண்கல நிறமாகிக் கெட்டுப்போகும். வட்டின் உள்வளையத்தில் ‘மேட் இன் யு.கே. பை பிடிஓ’ என்று இருந்து, ஓரம் பழுப்பேறியிருந்தால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே கையில் இருந்தால் இந்த வாரமே எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் போட்டு எஃப்எல்ஏசி (தரம் குறையாத ஒலிக் கோப்பு) ஆக்கிவிடுங்கள். கெடுவது ஓரத்திலிருந்து என்பதாலும் சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதாலும் முதலில் போவது கடைசிப் பாட்டு.