வட்ட வரைபடத்தை விரிக்கும் முன் வளையங்களை அளந்து பாருங்கள்

செவ்வாய் கோளின் இரண்டு வட்டப் படங்களை ஒரு வாசகர் வைத்திருக்கிறார். ஒன்றில் வட துருவம் நடுவில், மற்றதில் தென் துருவம். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ ஃபில்டரால் அவற்றைச் செவ்வகமாக விரித்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கோளத்தின் மேல் போர்த்தியிருக்கிறார். நடுக்கோட்டை நெருங்க நெருங்க, வட்டமான பள்ளங்கள் வடக்கு தெற்காக நீண்டு முட்டை வடிவில் தெரிகின்றனவாம். எங்கே தவறு என்று கேட்கிறார்.

ஃபில்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் அட்சரேகை வளையங்கள் சம இடைவெளியில் இருந்தால்தான் அது பொருந்தும். எனவே முதலில் அளந்து பாருங்கள். மையத்திலிருந்து நடுக்கோடு வரை 1000 பிக்சல் என்றால், 60 பாகை வளையம் 333-இல் இருப்பது சம இடைவெளிப் படம். 268-இல் இருந்தால் ஸ்டீரியோகிராஃபிக், அதாவது விளிம்பை நோக்கிப் போகப் போக வளையங்களின் இடைவெளி அகலும் படம். 500-இல் இருந்தால் ஆர்த்தோகிராஃபிக், அதாவது வெகு தொலைவிலிருந்து பார்த்த தோற்றம். உங்களுடையது பெரும்பாலும் ஸ்டீரியோகிராஃபிக்தான். அதைச் சம இடைவெளியாக எண்ணி விரித்தால், நடுக்கோட்டருகே எல்லாம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். நீங்கள் சொல்லும் முட்டை வடிவம் அதனால் வருவதே.

ஸ்டீரியோகிராஃபிக் படத்தைச் சரியாக விரிக்க ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பேன். பல படங்களை ஒட்டிப் பனோரமா என்ற அகலப் படம் ஆக்குவதற்கென வந்தது என்றாலும் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்துகிறது. வட்டத்தின் விளிம்பைத் தொட்டபடி படத்தைச் சதுரமாக வெட்டி, வெளிப்பகுதியை ஒளிபுகும்படி அழித்துச் சேமியுங்கள். ஹ்யூகினில் இரண்டு படங்களையும் ஏற்றி, லென்ஸ் வகை ஸ்டீரியோகிராஃபிக், பார்வைக் கோணம் 180 என்று கொடுங்கள். ‘பிட்ச்’ (மேல்கீழ்ச் சாய்வு) வடக்குக்கு 90, தெற்குக்கு -90. வெளியீட்டை ஈக்விரெக்டேங்குலர் (கோளத்தில் போர்த்துவதற்கான செவ்வகப் படம்), 360-க்கு 180 பாகை, அளவு 4096-க்கு 2048 பிக்சல் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். நடுக்கோட்டில் நிலப்பரப்பு பொருந்தாவிட்டால் ஒரு படத்தை அச்சில் சுழற்றுங்கள்.

துருவங்கள் மேலும் கீழுமாக உள்ள பழைய இரட்டை அரைக்கோள உலகப் படங்களுக்குப் போலார் ஃபில்டர் உதவவே உதவாது. அவற்றிலும் மேலே சொன்ன வகைகளில் எது என்று கண்டுபிடித்து இதே வழியில் போகலாம். பிட்ச் 0; இரண்டு படங்களின் ‘யா’ (பக்கவாட்டுத் திருப்பம்) மட்டும் 180 பாகை வித்தியாசத்தில் இருக்க வேண்டும்.

சம இடைவெளிப் படம் கிடைத்தால் ஜிம்ப்பே போதும். ‘டு போலார்’ குறியை எடுத்துவிடுங்கள். ஆனால் விரிக்கும் முன் சதுரத்தை 4096-க்கு 4096 ஆகப் பெரிதாக்குங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 2000 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஆறாயிரத்துக்கு மேல்; அதை 2000 அகலத்துக்குள் அடைத்தால் விளிம்பின் நுணுக்கமெல்லாம் போய்விடும். விரித்த பிறகு 4096-க்கு 1024 ஆகச் சுருக்குங்கள்.

எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியிருந்தால் ‘மேப் பேக்வர்ட்ஸ்’ குறியை மாற்றிவிட்டு மறுபடி விரியுங்கள். தென் பாதியில் துருவம் மேலே வந்திருந்தால் 180 பாகை சுழற்றுங்கள். தலைகீழாக ‘ஃபிளிப்’ செய்தால் கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிடும்.

செவ்வகத்தின் மேல், கீழ் ஓரங்களில் துருவம் இழுபட்டு மங்கித் தெரியும். அதைத் திருத்தப் போகாதீர்கள். கோளத்தில் போர்த்தியதும் அந்த வரிசை முழுவதும் ஒரே புள்ளியில் கூடிவிடும்.